தூக்கிவிட ஒரு கை

தரையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பையன் எப்படி எழுந்திருக்கிறான் என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கூப்பிட்ட மாத்திரத்தில் துள்ளி எழுந்து ஓடிவிடுவான். பார்க்க அதில் என்ன இருக்கிறது? ஆனால் ஒரு சில பையன்கள் அப்படி எழுவதில்லை. முதலில் குப்புறத் திரும்புவார்கள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்துவார்கள். பிறகு ஒரு கை முழங்காலுக்கு, அடுத்த கை தொடைக்கு என்று தங்கள் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்வார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879இல் இதை விவரித்து எழுதினார். இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் இந்த அடையாளம் அவர் பெயரால்தான் வழங்குகிறது. எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் இதற்குத் தனிப் பெயரெல்லாம் கிடையாது. "தொடையப் பிடிச்சுப் பிடிச்சு எந்திரிக்கான்" என்பாள் அம்மா. "வளந்தாச் சரியாப் போகும்" என்பாள் ஆச்சி.

ஆச்சி அப்படிச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பையனின் கெண்டைக்கால் மற்றப் பிள்ளைகளுடையதைவிட நன்றாகத் திரண்டிருக்கும். "பொறப்புலயே சம்சாரி காலு" என்று பெருமைப்படக்கூடத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. தசை அழிந்துகொண்டிருக்கிறது, அழிந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்புகின்றன. வெளியே பலம்போலத் தெரிவது உள்ளே நடக்கும் நஷ்டம். அடிக்கடி விழுகிறான், படியேறத் தயங்குகிறான், நுனிக்காலில் நடக்கிறான், நடக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடுகிறது. வாத்து நடை என்று வகுப்பில் கேலி செய்வார்கள். வாத்தியார் ஓடச் சொன்னால் ஓட மாட்டேன் என்கிறான். சோம்பேறி என்று பெயர் வாங்குகிறான்.

டூஷேன் தசைச்சிதைவு என்பது இந்த நோயின் பெயர். 1860களில் இதை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் கியோம் டூஷேனின் பெயர் அது. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு எட்டரை, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அவர்களில் எண்பது தொண்ணூறு பையன்களுக்கு இந்த நோய் இருக்கும். மக்கள்தொகைப்படி தூத்துக்குடி மாவட்டத்தின் பங்கு ஆண்டுக்கு இரண்டு. எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வுபெறும் டாக்டர் தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் போய்விடலாம். நோய் தெரியவரத் தாமதமாவதற்கு யாருடைய அலட்சியமும் தேவையில்லை. அரிதாக இருப்பதே போதும்.

இதே கரிசலில், இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு இளம் வயதில் காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் அது உயிர் குடிக்கும் நோய். ஆனாலும் ஊருக்கு அதன் பெயர் தெரியும், அதற்கென்று சானடோரியங்கள் இருந்தன, பிழைத்தவன் கதையும் பிழைக்காதவன் கதையும் ஊரில் உலவின. அரிய நோய் வந்த வீட்டுக்கு இது எதுவுமே இல்லை. பக்கத்து வீட்டில், பக்கத்துத் தெருவில், ஏன், பக்கத்துத் தாலுகாவில்கூட இதே நோயோடு ஒரு பிள்ளையை வளர்த்த தாயைப் பார்க்க முடியாது. உலகத்தில் 7,000க்கும் மேற்பட்ட அரிய நோய்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஆள் குறைவு. துணையும் குறைவு.

நோய் தெரிவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் குடும்பம் நடக்கும் பாதையை ஊகிப்பது கடினமில்லை. முதலில் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வைத்தியர். பிறகு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வது. அதற்குள் யாராவது செய்வினை என்பார்கள். அதற்கும் ஒரு செலவு. பிறகு கோவில்பட்டியில் குழந்தை டாக்டர், சத்து மருந்து, கால்சியம். அங்கிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியோ மதுரைப் பெரியாஸ்பத்திரியோ. எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச்சந்தையில் இரண்டு உருப்படி விற்றால் ஒரு பயணம். இந்தப் பாதையின் எந்தத் திருப்பத்திலாவது யாராவது ஒருவர் 'சிபிகே' என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவு அது. சில நூறு ரூபாய்ச் செலவு. மரபணு ஆய்வகமெல்லாம் வேண்டாம். சாதாரணமாக இருநூறுக்குள் நிற்க வேண்டிய எண் இந்தப் பிள்ளைகளுக்குப் பல ஆயிரங்களில் வரும். தசை உடைந்து உள்ளிருப்பது ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். ஐந்து வயதில் தொடையைப் பிடித்து எழும் எந்தப் பையனுக்கும் இந்தப் பரிசோதனையை முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்பதை, போலியோ சொட்டு மருந்து தேதியை மனப்பாடமாக வைத்திருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் கிராம செவிலியருக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும்.

நோயின் மூலம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மனித உடம்பின் மிக நீளமான மரபணுக்களில் ஒன்று அங்கே இருக்கிறது; 1980களின் நடுவில் அமெரிக்காவின் லூயி குங்கெல் குழு அதைக் கண்டுபிடித்து, அது உருவாக்கும் புரதத்துக்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயர் வைத்தது. 79 துண்டுகளாகக் கிடக்கும் மரபணு அது. எழுத்து நீளமானால் பிழைக்கும் இடம் அதிகம் அல்லவா? நடுவில் சில துண்டுகள் விட்டுப்போனால் டிஸ்ட்ரோஃபின் உருவாகாமலே போய்விடலாம். அந்தப் புரதம்தான் தசை சுருங்கி விரியும்போது அதன் மேல்சவ்வு கிழியாமல் காக்கிறது. அது இல்லாத உடம்பில் ஒவ்வொரு அசைவும் ஒரு சிறு சேதம். கால் தசை முதலில் போகும். சிகிச்சை இல்லாவிட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் நடை நின்றுவிடும். பிறகு தோள், கை. முதுகுத்தண்டு கோணும். கடைசியில் மூச்சுத் தசையும் இதயமும். முன்பெல்லாம் இருபது வயதைத் தாண்டுவதே அபூர்வம். ஸ்டீராய்டு மாத்திரையும், இதயத்துக்கான மருந்தும், இரவில் மூக்கில் மாட்டும் மூச்சுக் கருவியும் வந்தபின் முப்பதைக் கடந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

டாக்டர் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கேட்டுக்கொண்டு வெளியே வரும் அம்மாவும் அப்பாவும் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, பையனுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, ஊருக்குத் திரும்புவார்கள். நோயின் விவரம் அதோடு முடிந்தது. வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

அந்த வேலைக்குத் தூக்குவது என்று பெயர்.

நடை நின்ற பையனின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் கட்டிலிலிருந்து தூக்கிக் கழிப்பறைக்கு. கிராமத்தில் அரசு மானியத்தில் கட்டிய கழிப்பறை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கும். இரண்டு படி உயரம், ஓர் ஆள் நுழையும் கதவு. ஆளைத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டுமானால் அம்மா பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அங்கிருந்து குளிக்க வைக்கும் கல்லுக்கு. துடைத்து, உடுத்தி, நாற்காலிக்கு. பள்ளிக்கூடம் போகிறவனானால் வண்டிக்கு, வண்டியிலிருந்து பெஞ்சுக்கு. மத்தியானம் ஒன்றுக்குப் போக வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அதைத் தடுக்க அம்மா உணவு இடைவேளைக்குப் பள்ளிக்கு ஓடுகிறாள். தீப்பெட்டி ஆபீஸிலோ காட்டு வேலையிலோ மத்தியானம் அரை மணி நேரம் காணாமல் போகிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுகிற மாதிரி எதையாவது செய்கிறாள், அல்லது வேலையை விட்டுவிடுகிறாள். சாயந்தரம் மறுபடியும் அதே வரிசை, தலைகீழாக.

இரவு தனி. நமக்கெல்லாம் தூக்கத்தில் எத்தனை முறை புரண்டு படுத்தோம் என்றே தெரியாது. அந்தப் பையனால் புரள முடியாது. ஒரே பக்கம் படுத்திருந்தால் இடுப்பெலும்பு வலிக்கும், காது மடங்கி வலிக்கும். "எம்மா, திருப்பி விடும்மா" என்று இரவில் பல தடவை கூப்பிடுவான். கூப்பிட்டால் எழ வேண்டும். பன்னிரண்டு வயதில் தொடங்கும் இந்த இரவுகள் பத்துப் பதினைந்து வருடம் தொடரும். நாள் கூலி, வார விடுப்பு, மாற்று ஆள் எதுவும் இல்லாத வேலை இது. அப்பா? திருப்பூரில் இருப்பார், கோயம்புத்தூரில் இருப்பார், லாரியில் இருப்பார். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் பஞ்சம் பிழைக்க ஆண்கள் வெளியே போவது இந்தப் பக்கத்து வழக்கம். மருத்துவச் செலவு சேர்ந்துகொண்டால் போகாமல் இருக்க வழியே இல்லை. ஆக, தூக்கும் வேலை வீட்டிலிருக்கும் பெண்களின் இடுப்பில் விழுகிறது. அம்மா, அவளுக்கு முடியாதபோது ஆச்சி, பிறகு அக்கா.

இதில் ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை நடையை இரண்டு மூன்று வருடம் நீட்டித்துக் கொடுக்கிறது. மூச்சையும் இதயத்தையும் கொஞ்சம் காக்கிறது. அதை மறுப்பது மடத்தனம். அதே மாத்திரை பசியைக் கிளப்பி எடையையும் கூட்டும். உயரம் கூடாமல் உடம்பு பெருக்கும். நாற்பது கிலோவைத் தாண்டும் பையனை நாற்பத்தைந்து கிலோ அம்மா தூக்குகிறாள். சோற்றைக் குறைத்துப் போடச் சொல்வார்கள். நடக்க முடியாத பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே சந்தோஷத்தில் கை வைக்க எந்த அம்மாவுக்கு மனம் வரும்?

சக்கர நாற்காலி இருக்கிறதே என்று கேட்கலாம். தமிழ்நாடு அரசு தசைச்சிதைவு நோயாளிகளுக்கென்றே பேட்டரியில் ஓடும் சிறப்பு நாற்காலி தருகிறது. கை விரலால் சிறு பிடியை அசைத்தால் போதும், வண்டி நகரும். நல்ல கருவி, அதில் ஏறி முதல் தடவை தானாகத் தெருமுனைக்குப் போய்வந்த பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு மீதியும் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் நாலு தூறல் விழுந்தால் இந்த மண் செருப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் ஆளை விடும். நாற்காலியின் முன் சக்கரம் கையளவு. அது இறங்கினால் இறங்கியதுதான். கோடையிலோ தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சிமென்ட் சாலை ஊர்ச்சாவடி வரை வந்து, அதற்கப்பால் சந்தில் நின்றுவிடும். நாற்காலியின் எல்லையும் அதுதான். மினிபஸ்ஸில் அதை ஏற்ற முடியாது. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது உண்மை; ஆனால் டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம், படியில் தூக்கிவிட ஆள் வேண்டும்.

பிரிட்டனில் 1992இல் வந்த ஒரு தொழில் விதி, ஆபத்து தரக்கூடிய வகையில் பாரத்தைக் கையால் தூக்குவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. அந்தப் பாரத்தில் மனிதர்களும் அடக்கம். அதனால் அங்கே நோயாளியைத் தூக்க, துணித் தூளியும் சிறு கைக்கிரேனும் சேர்ந்த கருவி வீடுவரை போய்விட்டது. நாம் அதைப் பெரிய மருத்துவமனைகளில்தான் பார்க்கிறோம். கமலை கட்டி, கப்பியும் வடமும் கொண்டு ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கிய பூமி இது. ஓட்டு வீட்டின் உத்திரத்தில் பாதுகாப்பாகப் பொருத்தக்கூடிய ஒரு தூளித் தூக்கியை வடிவமைப்பது ராக்கெட் வேலை இல்லை. கோவில்பட்டியில் பாலிடெக்னிக்குகளுக்குக் குறைவா? ஆண்டுதோறும் செய்முறைத் திட்டம் என்ற பெயரில் ஏதோ ஒரு பொம்மையைச் செய்து காட்டும் மாணவர்களுக்கு இந்த வேலையை யாராவது கொடுத்துப் பார்க்கலாம்.

டென்மார்க்கில் ஈவால்ட் குரோ என்றொருவர் இருந்தார். தசை நலிவு நோயோடு வாழ்ந்தவர். 1971இல் அந்த நாட்டின் தசைநோய்ச் சங்கத்தை நிறுவினார். மருத்துவமனையிலோ விடுதியிலோ முடங்க மறுத்து, உதவியாளர்களைத் தானே தேர்ந்தெடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் உரிமை நோயாளிக்கும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு உள்ளாட்சிக்கும் வேண்டும் என்று போராடினார். ஆர்ஹுஸ் நகரில் தொடங்கிய அந்த ஏற்பாடு பிறகு நாடு முழுக்கப் பரவியது. டூஷேன் நோயுள்ள ஆண்கள் அங்கே நாற்பது வயதிலும் தனி வீட்டில் வாழ்கிறார்கள் என்றால், அதற்கு மூச்சுக் கருவி எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் பக்கத்தில் மாறி மாறி நிற்கும் சம்பள ஆட்களும். மருந்து கண்டுபிடித்து அவர்கள் இதைச் சாதிக்கவில்லை.

நம் ஊரில் அரிய நோய் என்றாலே பேச்சு கோடியில் தொடங்குகிறது. அதற்குக் காரணமும் உண்டு. 2021இல் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் ஒரு பெண் குழந்தைக்கு முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு என்று தெரிந்தபோது, ஒரே ஒரு ஊசிக்கு 16 கோடி ரூபாய் என்ற செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் நூறும் ஐந்நூறும் அனுப்பினார்கள். மத்திய அரசு வரியைத் தள்ளுபடி செய்தது. குழந்தைக்கு ஊசி கிடைத்தது. நல்லது நடந்தது. ஆனால் அந்த ஒரு கதை, அரிய நோய் என்றால் யாரோ ஒரு வள்ளல் கூட்டம் வந்து பெரிய தொகை கட்டி ஒரே நாளில் முடித்துவிடும் சங்கதி என்ற நினைப்பையும் விட்டுச் சென்றது. டூஷேனுக்கும் 2023இல் அமெரிக்காவில் ஒரு மரபணு மருந்து அனுமதி பெற்றது. விலை 32 லட்சம் டாலர், கிட்டத்தட்ட 27 கோடி ரூபாய். 2025இல் அதைப் பெற்ற, நடை நின்றுபோன பதின்வயதுப் பையன்கள் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். பிறகு நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்பாடு வந்தது. நிலத்தை விற்று, வாட்ஸாப்பில் கையேந்தி அந்த மருந்துக்கு ஓட நினைக்கும் குடும்பத்துக்கு இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

இந்தக் கோடிக் கணக்குகளுக்கு நடுவே நம்பிக்கையான செய்தி ஒன்றும் உண்டு. முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவுக்கு வாயால் சாப்பிடும் ரிஸ்டிபிளாம் மருந்து பாட்டில் ஒன்று 6 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தைத் தயாரிக்க முன்வர, காப்புரிமை வைத்திருக்கும் ரோஷ் நீதிமன்றம் போனது; டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ வைத்த விலை 15,900 ரூபாய். அரிய நோய் மருந்தின் விலை கல்வெட்டில் பொறித்ததல்ல என்று தெரிந்தது.

அரசின் கணக்கு இப்படி இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி, அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்களில் ஒன்றில் பதிவு செய்துகொள்ளும் நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். டூஷேனும் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் எழும்பூரிலேயே போய் இறங்கலாம் என்பது ஒரு வசதி. 50 லட்சம் பெரிய தொகையாகத் தெரியும்; வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிய மருந்துகளில் சில ஒரே வருடத்தில் அதைத் தின்றுவிடும். டெல்லி உயர் நீதிமன்றம் 2024 அக்டோபரில் அரிய நோய்களுக்கென்று தேசிய நிதியம் அமைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு 974 கோடி ஒதுக்கச் சொன்னது. மத்திய அரசு அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது.

இந்த லட்சமும் கோடியும் எட்டயபுரத்துப் பக்கத்து வீட்டுக்குள் வரும்போது மாதம் 2,000 ரூபாயாக வருகிறது. தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை அது. 1,500 ஆக இருந்து 2023இல் உயர்ந்தது. நாட்டின் பல மாநிலங்களில் இவ்வளவுகூட இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர வழி இருக்கிறது; கேட்டு வாங்க வேண்டும். குதிகால் தசைநார் இறுகாமல் தினமும் நீட்டிவிடும் பயிற்சியை அம்மாவுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க அவர்களால்தான் முடியும். எடை தூக்கும் பயிற்சி கூடாது, அது தசையை இன்னும் கிழிக்கும் என்று சொல்லவும் அவர்கள் வேண்டும். வேறு எதற்காவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கமாகப் பயன்படும் சக்சினைல்கோலின் என்ற மருந்து இந்தப் பிள்ளைகளின் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. இந்த ஒரு வரியை அட்டையில் எழுதிப் பையன் சட்டைப்பையில் வைத்தாலும் தகும்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் தசைச்சிதைவு இருக்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களைப் பராமரிப்பவருக்குப் படி கொடுக்கலாம் என்று அதன் 24ஆம் பிரிவே சொல்கிறது. அப்படியானால் தூக்குகிற கைக்கு மாதம் என்ன மதிப்பு? ஒரு பிளாக்குக்கு நாலு பேரைப் பயிற்சி கொடுத்து, காலையில் இரண்டு மணி நேரம், இரவில் வாரம் இரண்டு நாள் என்று இப்படிப்பட்ட வீடுகளுக்கு அனுப்பினால் ஆகும் செலவை ஒரு 16 கோடி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்க்க எந்த அதிகாரியும் இதுவரை கால்குலேட்டரைத் தட்டியதாகத் தெரியவில்லை. எனக்கென்னவோ மருந்துக்கான போராட்டம் நடக்கும் அதே வேகத்தில் இதுவும் நடக்க வேண்டும் என்று படுகிறது. மருந்து வரும்வரை உடம்பு கோணாமல், நுரையீரலில் சளி கட்டாமல், மனம் உடையாமல் ஒரு பையனைக் காப்பாற்றி வைத்திருப்பது அந்தக் கைகள்தான்.

சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகளைப் பலர் அறிவார்கள். இருவருக்கும் சிறு வயதிலேயே தசைச்சிதைவு. டூஷேன் பெரும்பாலும் ஆண்களுக்கு வருவது. தசைச்சிதைவில் பெண்களுக்கு வரும் வகைகளும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிய பெற்றோரின் முதுகைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சகோதரிகள் தங்களுக்குக் கிடைத்த உதவியைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தங்களைப்போலவே தசைச்சிதைவு வந்த மற்றவர்களைத் தேடிப் போனார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர்கள் செய்த முதல் காரியம், தனித்தனி வீடுகளில் ஒளிந்து கிடந்தவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தியதுதான். 2017 ஜனவரியில் வானவன் மாதேவி மறைந்தார்.

கரிசலில் இந்த ஒளித்துவைத்தல் அதிகம். காரணம் பையன் அல்ல, அக்கா. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று விருந்தாளி வரும் நாளில் தம்பியைப் பின்கட்டுக்கு மாற்றும் வீடுகள் இருக்கின்றன. அதைவிட மோசம், பழி அம்மாமேல் விழுவது. "அவ கொண்டுவந்த சீக்கு" என்பார்கள் மாமியார் வீட்டில். "சொந்தத்துல கட்டுனதால வந்தது" என்பார்கள் மற்றவர்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100க்கு 28 திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. தாய், தந்தை இரு பக்கத்திலிருந்தும் பிழை வந்து சேர வேண்டிய நோய்கள் இதனால் கூடும் என்பது நிச்சயம். குமாரபாளையத்துக் குழந்தைக்கு வந்த நோய் அந்த வகைதான். டூஷேன் அப்படி இல்லை. அசலில் கட்டினாலும் வரும். மூன்றில் ஒரு பங்குப் பையன்களுக்கு அம்மாவிடமிருந்துகூட வருவதில்லை. அவர்களிடமே புதிதாக நேர்ந்த பிழை. மீதிப் பேருக்கு அம்மாவழி வருகிறது. ஆனால் அவளே கேட்டு வாங்கியதா அது? அவளுக்கு அவள் அம்மா, அம்மாவுக்கு அவளுடைய அம்மா.

நம் உறவுமுறையில் வைத்துப் பார்த்தால் இந்த மரபு சட்டென்று பிடிபடும். சித்தப்பா பெரியப்பா மக்களுக்கு இந்த வழியில் வராது. சித்தி, பெரியம்மாவின் ஆண் பிள்ளைகளுக்கு வரலாம். அக்காவுக்குப் பிறக்கும் பையனுக்கு வரலாம். அம்மாவின் தம்பி ஒருவர் சின்ன வயதில் "கால் விளங்காமப் போயிச் செத்தான்" என்று ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தால், அது பழங்கதை இல்லை, மருத்துவத் தகவல். ஒரு பையனுக்கு நோய் உறுதியான வீட்டில் உடனே சொல்லப்பட வேண்டியவர்கள் அம்மாவின் உடன்பிறந்த பெண்கள். அதிலும் கர்ப்பமாக இருப்பவர்கள். கோயம்புத்தூரில் டாக்டர் பி.ஆர். லட்சுமி உருவாக்கிய எம்.டி.சி.ஆர்.சி. மையம் டூஷேன் குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தருகிறது. குடும்பத்தில் ஓடும் பிழை எதுவென்று முன்பே தெரிந்திருந்தால் கர்ப்பத்தின் 11ஆவது வாரத்திலிருந்தே சிசுவைச் சோதித்துப் பார்க்க முடியும். தெரிந்துகொண்டு என்ன முடிவெடுப்பது என்பது அந்தப் பெண்ணின் விஷயம். தெரியாமலே இருப்பதுதான் அநியாயம். ஆனால் தங்கச்சிக்கு ஃபோன் போட்டு இதைச் சொல்வது லேசுப்பட்ட காரியமா? சொன்னால் மச்சினன் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் அம்மாக்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஃபோனைப் போட வேண்டியது மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கும் ஓர் ஆலோசகர். அப்படி ஒரு பதவியை உண்டாக்கினால், வேலை இல்லாமல் அவர் சும்மா இருக்கப்போவதில்லை.

அம்மாவுக்கு இன்னொரு பரிசோதனையும் வேண்டும். பிழை மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் நடையில் குறை இருக்காது. ஆனால் அவர்களில் ஒரு பகுதியினருக்கு இதயத் தசை மெல்ல நலிவடையும். அவர்களாகப் போய் எக்கோ எடுத்துக்கொண்டால்தான் தெரியும். மூச்சு வாங்குகிறது என்றால், "நாப்பது கிலோவத் தூக்குனா மூச்சு வாங்காம என்ன செய்யும்?" என்று அவளே சொல்லிக்கொண்டு போய்விடுவாள். பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே நாளில், அதே எக்கோ அறையில், அவன் இறங்கிய கட்டிலில் அவளையும் ஏறிப் படுக்கச் சொன்னால் பத்து நிமிஷ வேலை.

அக்காவுக்கும் அப்படித்தான். அம்மாவிடம் அந்தப் பிழை இருந்தால் அவளிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அறிகுறி எதுவும் இல்லாதவரை, சின்னப் பெண்ணாக இருக்கும்போதே சோதித்து, முடிவை அப்பா கையில் கொடுத்துவிடக் கூடாது, வயது வந்தபின் அவளே கேட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்பது மரபணு ஆலோசகர்களின் நெறி. பதினெட்டு வயதில் கோவில்பட்டிக் கல்லூரிக்குப் பஸ் பிடிக்கும் முன்பு தம்பியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிற அந்தப் பெண்ணுக்கு, தன் ரத்தத்தைப் பற்றிக் கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை.